மூன்றாவது எலிக்குடை

கமிதானி
28 ஜூன் 1999

அன்புத் தங்கை மிசாவோவுக்கு,

மழைக்காலம் தொடங்கி இருபது நாளாகிறது. சுவரில் பூஞ்சை, என் முழங்காலில் வலி, உன் அண்ணி வாயில் முணுமுணுப்பு, மூன்றும் செழிப்பாக வளர்கின்றன. செண்டாயில் குளிர் விட்டதா? உன் இருமல் நின்றதா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் மலைச் சாலையை நேராக்கப் போகிறார்கள். கோயில் குன்றின் தெற்குச் சரிவை வெட்டிக்கொண்டு போவது ஒரு வழி. ஆற்றோரமாக வளைந்து போவது இன்னொன்று. ஆகஸ்ட் 29 கூட்டத்தில் முடிவு. நான் குன்றில் பூக்கும் எலிக்குடையைப் பற்றிச் சொன்னேன். சாலை அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாத்தியாரே, நகாசே பள்ளத்தாக்குல இது குப்பை மாதிரி முளைச்சுக் கெடக்கு. உங்க குன்றுல இருக்கறது வேற வகைன்னு விஞ்ஞானம் சொல்லட்டும், அடுத்த நாளே ரோட்டை ஆத்துப் பக்கம் திருப்பறேன். கண்ணால பாத்துச் சொல்றதெல்லாம் இப்ப செல்லாது."

உனக்கு மறந்திருக்காது. ஷீ மரத்துச் சருகுக்கு அடியிலிருந்து விரல் நீளத்துக்கு எழும்புமே, அதுதான். இலை கிடையாது, பச்சை கிடையாது. மரத்து வேரோடு சேர்ந்த காளான் இழைகளிடம் சாப்பாடு வாங்கியே காலம் தள்ளும் செடி. நகாசேயில் உள்ளது தலை நிமிர்ந்து பூக்கும், நம்முடையது குனிந்து பூக்கும். காய்ந்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி பழுப்புக் குச்சிதான். அது வேறு, இது வேறு என்று முப்பது வருஷமாகக் கத்துகிறேன். செடி பார்க்கும் சங்கத்தில் ஒருவரும் நம்பவில்லை.

இந்த வருஷம் ஏழுதான் பூத்தது. கோயில் முன்னால் இரண்டு முறை கைதட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒன்றைப் பிடுங்கினேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைக் கடற்பாசித் தாள் டப்பாவில், அதோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஆய்வகத்து இயந்திரம் என்ன சொல்கிறது, பார்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்
தொகுஜி

---

செண்டாய்
9 ஜூலை 1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு மருந்து ஒட்டு ஒரு பெட்டி அனுப்புகிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முதலில் கெட்ட செய்தி. உங்கள் பூ ஒரு காளானாம்! சிரிக்காதீர்கள், பேராசிரியர் ஹிராய் போதுமான அளவு சிரித்துவிட்டார். "மிசாவோம்மா, உங்கண்ணன் சமையல்கட்டுல இருந்து அனுப்பிட்டாரா?" என்றார். டப்பா வந்தபோதே உள்ளே ஈரம் கசிந்து செடி அழுகியிருந்தது. அதன்மேல் பூத்த பூஞ்சையைத்தான் இயந்திரம் படித்திருக்கிறது. செடி முழுவதையும் அரைத்துவிட்டோம்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நீங்கள்தான் கேட்க மாட்டீர்களே! செடியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அதில் ஒரு பகுதியை எழுத்தெழுத்தாகப் படிப்போம். மொத்தம் நான்கே எழுத்து. நெருங்கிய சொந்தங்களில் அந்த வரி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பிரிந்து நாளாக ஆக எழுத்துகள் மாறிக்கொண்டே போகும். மாறியதை எண்ணினால் பிரிந்து எத்தனை காலம் என்றுகூட உத்தேசமாகச் சொல்லலாம். இப்படிப் பார்த்துத்தான், தாமரைக்கும் அல்லிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, தாமரைக்குச் சொந்தம் தெருவோரத்துப் பிளேன் மரம் என்று கண்டுபிடித்தார்கள். கண் பார்ப்பது ஒன்று, எழுத்து சொல்வது ஒன்று. அதனால் உங்கள் குனிந்த தலைக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

கவலைப்படாதீர்கள், ஏதாவது வழி செய்வோம்.

மிசாவோ

---

கமிதானி
15 ஜூலை 1999

மிசாவோ,

மழை விட்டுச் சிள்வண்டு கத்தத் தொடங்கிவிட்டது. எல்லோரும் நலம். மருந்து ஒட்டு வந்தது.

காளானா! உன் பேராசிரியரிடம் சொல், கமிதானியில் சமைக்கிற காளானைத் தபாலில் அனுப்புகிற வழக்கம் கிடையாது, நாங்களே தின்றுவிடுவோம். போகட்டும். புத்தர் உட்கார்ந்திருப்பது பேருந்து நிறுத்தத்து மரத்தின் தாயாதிமேல் என்று கோயில் குருக்களிடம் சொன்னேன். ஒரு வாரமாக என்னோடு பேச்சில்லை.

மீதி ஆறு நிற்கின்றன. நேற்றுப் போய்ப் பார்த்தேன். ஒன்றைப் பன்றி கிளறிவிட்டது, ஆக ஐந்து. இன்னும் ஒன்று வேண்டுமென்றால் எழுது. பிடுங்கத்தான் வேண்டுமென்றால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். விதை கட்டுகிற நேரம், அவ்வளவுதான்.

போன வாரம் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் காய்ந்த இலையை அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தாள். பறித்த இடம் 'ஆற்றங்கரை' என்று சீட்டு. ஆற்றங்கரையில் அந்த மரமே கிடையாது. "எங்கடி பறிச்சே?" என்றால், "சித்தி வீட்டுத் தோட்டத்துல, சார். ஆத்தங்கரைன்னு போட்டா நல்லா இருக்குமேன்னு..." என்கிறாள். சீட்டு பொய் சொன்னால் செடி அனாதை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். நாற்பது வருஷமாக இதே பாட்டுதான். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தொகுஜி

---

செண்டாய்
12 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கேயும் வெயில் கொளுத்துகிறது. முன்னோர் திருநாளுக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள். அப்பா அம்மா கல்லறைக்கு என் பேரிலும் தண்ணீர் விடுங்கள்.

இந்த முறை காளான் எதுவும் கலக்கவில்லை. வரி சுத்தமாக வந்தது. மூன்று தடவை படித்தேன், பேராசிரியரும் பார்த்துவிட்டார்.

அண்ணா, இதை எப்படி எழுதுவதென்று இரண்டு நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது நகாசே பள்ளத்தாக்கில் உள்ள அதே எலிக்குடைதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. முத்திரையிட்ட தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

தலை குனிவதும் நிமிர்வதும் நிழலால் வருகிற வேறுபாடாக இருக்கலாம் என்று பேராசிரியர் சொல்கிறார். நீங்கள் முப்பது வருஷம் பார்த்தது வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூட்டத்துக்கு இந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டும் என்று கட்டாயமா என்ன? எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

மிசாவோ

---

கமிதானி
31 ஆகஸ்ட் 1999

மிசாவோவுக்கு,

வெயில் இன்னும் தணியவில்லை. நலம்.

தாளைக் கொண்டுபோனேன். நானே எழுந்து நின்று படித்தேன். "நான் முப்பது வருஷம் தப்பாகச் சொல்லிவிட்டேன், ஊரார் மன்னிக்க வேண்டும்" என்று சொல்லி வணங்கினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மரம் வெட்டும் குத்தகைக்காரன் ஷோஸோ, என்னிடம் படித்தவன்தான், வாசலில் செருப்பை எடுத்துக் கொடுத்துச் சொன்னான்: "சார், நீங்க அந்தத் தாளைப் பையிலயே வெச்சிருந்தா யாருக்கு சார் தெரியப்போகுது? ஏன் சார் வாயைத் தொறந்தீங்க?" அவன் குத்தகை போய்விடும் என்று தெரிந்தும் சொன்னான். நல்ல பிள்ளை.

குன்று கோயில் சங்கத்தின் சொத்து. அதற்குத் தலைவன் நான். தெற்குச் சரிவை வெட்டும் ஒப்புதல் தாளில் என் முத்திரையைத்தான் குத்த வேண்டும். குத்திவிட்டேன்.

உன் உழைப்புக்கு நன்றி.

தொகுஜி

---

கமிதானி
20 செப்டம்பர் 1999

மிசாவோவுக்கு அண்ணி சுமியே எழுதுவது,

நெல் அறுப்பு ஆரம்பித்துவிட்டது. என் இடுப்பு பரவாயில்லை. உன் அண்ணன் எழுதாததால் நான் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அவர் பள்ளிக்கூடம் போகிறார், வருகிறார், சுவரைப் பார்த்து உட்காருகிறார். போன செவ்வாய்க்கிழமை பழைய தாள் வண்டி வந்தது. "பழைய பேப்பர், பழைய புஸ்தகம், கக்கூஸ் காகிதமா மாத்திக்குங்கோ" என்று கத்திக்கொண்டு போகுமே, அதே வண்டி. செடி பார்த்த குறிப்பேடு நாற்பத்திரண்டையும் கயிறு போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். நான் வண்டி வரைக்கும் ஓடினேன். "வயசான காலத்துல பைத்தியம் புடிச்சுதா? அதுல என்ன எழுதியிருக்குன்னாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "தப்பா எழுதினதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? இது துடைக்கவாவது உதவும்" என்று நான்கு உருளையைக் கையில் கொடுத்தார். அதைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை, அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் நீ எழுதின இரண்டு கடிதமும் பிரிக்காமல் கிடக்கின்றன. நீ போன் பண்ணும்போதெல்லாம் குளிக்கிறார் என்று என்னைச் சொல்லச் சொல்கிறார். பட்டப்பகலில் என்ன குளியல் என்று நீ நினைத்திருப்பாய். கோபமெல்லாம் உன்மேல் இல்லை. அவருக்கு வெட்கம்.

அக்டோபர் 4 குன்றில் மரம் வெட்டு. அன்றைக்காவது நீ வரக்கூடாதா?

சுமியே

---

செண்டாய்
27 செப்டம்பர் 1999

அண்ணா,

இந்தக் கடிதத்தை உடனே பிரியுங்கள். நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

உங்களிடம் ஒன்றை மறைத்தேன். ஆகஸ்டில் நான் படித்தது நீங்கள் அனுப்பிய செடி இல்லை. அதுதான் அழுகி முழுவதும் தீர்ந்துவிட்டதே. இன்னொன்று வேண்டுமென்றால் எழுது என்று சொன்னீர்கள். விதை கட்டுகிற நேரம் என்றும் சொன்னீர்கள். கேட்க வாய் வரவில்லை. ஐந்தில் ஒன்றை எப்படிக் கேட்பேன்?

என் கல்யாணத்துக்கு நீங்கள் சட்டம் போட்டுக் கொடுத்தீர்களே, மூன்று எலிக்குடை ஒட்டிய தாள். அவரைப் பிரிந்து வந்தபோது இரண்டு பெட்டியும் அந்தச் சட்டமும்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். 'கோயில் குன்று, தெற்குச் சரிவு, 1974 ஜூலை' என்று உங்கள் கையெழுத்தில் சீட்டு. நடுவில் இரண்டு ஒன்றோடொன்று சாய்ந்திருக்கும். அவற்றைத் தொட மனம் வராமல் ஓரத்தில் தனியாக இருந்த பெரியதிலிருந்து நகக்கண் அளவு வெட்டினேன். சீட்டு உங்களுடையது என்பதால் எனக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை.

போன வாரம் நகாசேயின் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து வேறொருவர் பத்துச் செடி அனுப்பினார். அந்தக் கீழ்ப் பள்ளத்தாக்கில் மட்டும் ஒரு வினோதம் இருக்கிறது. ஆகஸ்டில் நான் படிக்காத வேறொரு பகுதியில் ஏழு எழுத்து விடுபட்டிருக்கிறது, வேறு எந்த ஊர் எலிக்குடையிலும் அப்படி இல்லை. அந்தப் பகுதியை உங்கள் மூன்றாவது செடியிலும் படித்தேன், அதே ஏழு எழுத்து இல்லை, அண்ணா. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற செடிக்கும் நம் குன்றுக்கும் இப்படி ஒரு பொருத்தம் எப்படி வரும்?

அந்த மூன்றாவதை எங்கே பறித்தீர்கள்? வேறு இடம் என்றால் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பேராசிரியரிடம் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், வேலை போனாலும் போகட்டும். அண்ணியிடம் போனில் சொல்ல எடுத்தேன், "நல்லா இருக்கீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கோழை நான்.

மிசாவோ

---

கமிதானி
16 அக்டோபர் 1999

மிசாவோ,

காலையில் பனி விழுகிறது. உன் அண்ணி நலம்.

உன் கடிதத்தை 9ஆம் தேதி பிரித்தேன். நான்காம் தேதி தொடங்கி ஆறாம் தேதி மாலைக்குள் தெற்குச் சரிவை முடித்துவிட்டார்கள். கடிதம் செப்டம்பர் 29 அன்றே வந்திருக்கிறது. முத்திரையில் பார்த்தேன். பத்து நாள் என் மேசையில், மற்ற இரண்டின் மேல் கிடந்திருக்கிறது. அதன்மேல் கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டுத்தான் தினமும் படுத்தேன்.

மூன்றாவது நகாசே செடி.

74இல் குன்றில் இரண்டுதான் பறித்தேன். மறுவருஷம் உனக்குக் கல்யாணம். உனக்குக் கொடுக்க அதைவிட உயர்ந்தது என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு இரண்டை எப்படிக் கொடுப்பது? இரண்டு என்றால் இரண்டாகப் பிரிந்து போகும் என்பார்களே. அம்மா பார்த்துவிட்டு, "இரட்டைப்படையில குடுக்கறியா? நீயெல்லாம் ஒரு அண்ணனா? கூட ஒண்ணு வெய்யிடா!" என்று கத்தினாள். பெட்டியில் காய்ந்த நகாசே செடி ஒன்று கிடந்தது. காய்ந்தால் எல்லாம் ஒன்றுபோலத்தானே. ஒட்டினேன். சீட்டில் இரண்டு இடம் எழுதினால் பரிசு அசிங்கமாக இருக்கும் என்று ஒரே இடத்தை எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய பொய்ச் சீட்டு அது ஒன்றுதான், மிசாவோ. நீ பிரியாமல் வாழ வேண்டும் என்று எழுதினேன். அதுவும் பலிக்கவில்லை.

ஆகஸ்டில் உன் தாளைப் பார்த்ததும், எதிலிருந்து வெட்டினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அழுகியதில் மிச்சம் இருந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். உன்னைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமே என்று கேட்கவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

9ஆம் தேதியே குன்றுக்கு ஓடினேன். ஷோஸோ நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "சார், நாலாந்தேதி காலைல வந்து 'டேய் நிறுத்துடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே சார். காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டேனே சார்" என்று அழுதான். இரண்டு பேரும் இருட்டும்வரை சருகைக் கையால் கிளறினோம். வேரெல்லாம் வெளியே கிடக்கிறது. மரம் போனால் காளான் இழை போகும், இழை போனால் அது போகும். வேறு எங்காவது இருக்குமா என்று கேட்காதே. முப்பது வருஷம் தேடியவன் நான்.

நடுவில் இருக்கும் இரண்டையும் படித்துப் பார். என்ன வந்தாலும் மறைக்காமல் எழுது. வேறு என்றால், பிரிந்து எத்தனை காலம் என்பதையும் எழுது. எனக்கு அந்த எண் வேண்டும்.

தொகுஜி

---

செண்டாய்
8 நவம்பர் 1999

அண்ணா,

இங்கே முதல் பனி பெய்துவிட்டது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அண்ணியை ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

இரண்டும் ஒரே வரி. நகாசே எலிக்குடையோடு சேரவில்லை. தீவுகளில் உள்ளவற்றோடும் சேரவில்லை, தைவானிலிருந்து வந்த இரண்டு வகையோடும் சேரவில்லை. மற்ற எல்லா எலிக்குடைகளும் ஒரு கிளையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கூட்டம் பிரிவதற்கெல்லாம் முன்னாலேயே இது தனியாகப் போயிருக்கிறது. எதிரில் ஒற்றைக் கோடு, அதன் நுனியில் இது மட்டும். பேராசிரியர் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு, "உங்கண்ணன் கண்ணு சரியாத்தாம்மா பாத்திருக்கு" என்று மட்டும் சொன்னார். புதுப் பெயர் வைத்துப் பதிவு செய்ய வேண்டும், உங்கள் குறிப்பேடுகள் வேண்டும் என்றார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். அங்கேயும் ஓர் உருளை தொங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் கேட்ட எண் உத்தேசமானதுதான், முன்னே பின்னே இருக்கலாம். ஏறத்தாழத் தொண்ணூறு லட்சம் ஆண்டு.

இதற்கு நீங்கள் காரணம் இல்லை. ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டியது நான். எங்கிருந்து வெட்டினேன் என்று தாளில் எழுதாமல் விட்டதும் நான். சீட்டு பொய் சொன்னால் செடி அனாதை என்றீர்கள். என் தாளும் அந்தச் சீட்டைப் போலத்தான்.

புத்தாண்டுக்கு ஊருக்கு வரட்டுமா? வராதே என்றாலும் எழுதுங்கள்.

மிசாவோ

---

(அஞ்சல் அட்டை. கறுப்பு ஓரம், சாவு விழுந்த வீட்டார் ஆண்டு முடிவில் அனுப்புவது. அச்சடிக்காமல் கையால் எழுதியது.)

கமிதானி
3 டிசம்பர் 1999

துக்கத்தில் இருப்பதால் இந்தப் புத்தாண்டுக்கு வாழ்த்துக் கூற இயலாத நிலையில் இருக்கிறோம்.

எங்கள் குடும்பத்தைச் சேர்ந்த கோயில் குன்று எலிக்குடை, கடந்த அக்டோபர் 6ஆம் தேதி தன் தொண்ணூறு லட்சமாவது வயதில் காலமானது. வாரிசு இல்லை. அது வாழ்ந்த நாளில் அதனிடம் காட்டிய அன்புக்கு நன்றி தெரிவிக்கிறோம்.

குளிர் கூடிவருகிறது. உடல்நலம் பேணவும்.

குரோகி தொகுஜி
சுமியே

மிசாவோ, ஊரில் எல்லார் வீட்டுக்கும் இதையே எழுதி அனுப்பியிருக்கிறேன், சாலை அலுவலகத்துக்கும் ஒன்று. உனக்கு மட்டும் இந்த வரி கூடுதல். நீயும் துக்கக்காரி, யாருக்கும் வாழ்த்து அனுப்பாதே. வா. வரும்போது அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு வா. மூன்றாவதைக் கழற்றிவிடு.